ரெப்போ ஐந்தரை, வரி இருபத்தைந்து

ஆடி 20, செவ்வாய்க்கிழமை. 2025 ஆகஸ்ட் 5. கரூரில் ஒரு பொது நூலகத்தின் வாசிப்புக் கூடம். ஜன்னலைத் திறந்தால் ஆடிக் காற்று நாளிதழ்களை வாரிக்கொண்டு போகிறது, சாத்தினால் புழுக்கம். ஒரே ஒரு கதவைப் பாதி திறந்து வைத்து, மேசையில் கிடக்கும் தாள்களுக்குத் தடித்த அகராதி ஒன்றைப் பாரமாக ஏற்றியிருக்கிறார்கள்.

முதலில் வருபவர்கள் பெரியவர்கள். தமிழ் நாளிதழைப் பிரித்து ஆளுக்கொரு தாளாக எடுத்துக்கொண்டு, முடித்ததும் மாற்றிக்கொள்வார்கள். ஒன்பதரைக்கு மேல் வருபவர்களுக்கு முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில், கக்கத்தில் பரீட்சை அட்டை. அவர்கள் கண் போவது ஆங்கில நாளிதழ் மேல். யாரிடம் இருக்கிறது, எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அவருக்கு எதிர் நாற்காலியில் போய் உட்கார்வார்கள். வாய் திறந்து கேட்பதில்லை. படிப்பவரும் அதைத் தெரிந்துகொண்டு, விளையாட்டுப் பக்கத்தைப் படிக்காமலேயே மடித்து நகர்த்திவிடுவார்.

பெரும்பாலோர் வங்கித் தேர்வுக்காரர்கள். காது கொடுத்தாலே அவர்களுடைய காலண்டர் தெரிந்துவிடும். ஸ்டேட் வங்கியின் பி.ஓ., அதாவது அதிகாரி வேலைக்கான ப்ரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) இன்றோடு முடிகிறது. மற்ற அரசு வங்கிகளுக்காக ஐ.பி.பி.எஸ். நடத்தும் பி.ஓ. ப்ரிலிம்ஸ் 17, 23, 24 தேதிகளில். கிளார்க் வேலைக்கு விண்ணப்பம் போட இம்மாதம் மூன்றாம் வாரம் வரை நேரம் இருக்கிறது. கணக்கையும் ரீசனிங்கையும் பற்றி அவர்கள் அதிகம் புலம்பிக் கேட்டதில்லை. பயிற்சி செய்தால் வந்துவிடும் என்ற நம்பிக்கை. பெருமூச்சு வருவதெல்லாம் இரண்டு பாடங்களுக்குத்தான். ஒன்று ஆங்கிலம். இன்னொன்று, முதன்மைத் தேர்வான மெயின்ஸில் வருகிற பொது விழிப்புணர்வு. அதை அவர்கள் ஜி.ஏ. என்கிறார்கள்.

கட்டம் போட்ட சட்டைக்காரப் பையன் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறான். கிளார்க் என்ற பெயரை இந்த ஆண்டு முதல் கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று மாற்றியிருக்கிறார்கள். ஒன்றாம் தேதி வந்த அறிவிப்பில் நாடு முழுவதற்கும் 10,277 இடம், தமிழ்நாட்டுக்கு 894. விண்ணப்பத்தோடு ஏற்ற வேண்டியவற்றில் கைப்பட எழுதிய உறுதிமொழி ஒன்று உண்டு. அதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் ஏற்கமாட்டார்கள். வெள்ளைத் தாளில் எழுதுகிறான். மூன்றாவது வரியில் ஓர் எழுத்து விட்டுப்போகிறது. அடித்துத் திருத்த மனமில்லாமல் தாளை மாற்றுகிறான். இந்த முறை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, எழுதி, மறுபடி பார்க்கிறான். ஆங்கிலத் தாளுக்கு வேண்டியதில் பாதி இந்தப் பார்வைதான் என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். அவனோ இதைப் படிப்பாகவே எண்ணாமல், சீக்கிரம் முடித்துவிட்டுப் 'படிக்க'ப் போகும் அவசரத்தில் இருக்கிறான்.

அவனுக்கு எதிரே கண்ணாடி போட்ட பையன், செல்போனில் மாக் டெஸ்ட். ஐ.பி.பி.எஸ். பி.ஓ. ப்ரிலிம்ஸில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். நேரம் முடிந்தால் திரை தானாக அடுத்த பாடத்துக்குப் போய்விடும்; திரும்பி வர முடியாது. அவன் விரல் ஓடுகிற வேகம் பார்த்துப் பழகியவர்களையே மிரட்டும். பத்தியைப் படிப்பதில்லை. கேள்வியைப் பார்த்து, அதில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அது கிடைத்த வரிக்குப் பக்கத்தில் எது பொருந்துகிறதோ அதைத் தட்டுகிறான். இருபது நிமிடம் முடிந்ததும் மதிப்பெண் வருகிறது. முகம் தொங்கிப்போகிறது.

"எத்தனைடா?"

கேட்டவள் பக்கத்து நாற்காலிப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். எல்லோருக்கும் அக்கா. போன வருஷம் ப்ரிலிம்ஸ் தாண்டி மெயின்ஸில் நின்றவள் என்பது அவர்கள் பேச்சில் அடிபடும். எல்லோரும் அவள் பக்கமாகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

"இருபத்தாறு அட்டெம்ப்ட்டுங்க்கா. பதினஞ்சு கரெக்ட்."

அவள் மனக்கணக்காகச் சொல்லிவிடுகிறாள். "பதினொண்ணு தப்பு. தப்புக்குக் கால் மார்க். ரெண்டே முக்கால் போச்சு. பன்னெண்டே கால். நான் பத்தொம்பதுதான் தொட்டேன், பதினேழு கரெக்ட். எனக்குப் பதினாறரை."

"நீங்க ஆர்.சி. பத்திக்கே எட்டு நிமிஷம் எடுத்தீங்களே."

"ஒரு தடவை முழுசாப் படிச்சேன். அப்புறம் கேள்விக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லையே."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பையன் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னது முழு உண்மை. இந்த ஊரில் பயிற்சி என்று விற்கப்படுவதெல்லாம் படிக்காமல் தப்பிக்கும் வழிகள்: முதல் வரியும் கடைசி வரியும் பார், கேள்வியை முதலில் பார், நீளமான விடையைத் தேர்ந்தெடு. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இருபது வரி ஆங்கிலத்தைப் பொறுமையாகப் படிக்கச் சொல்லித்தர ஆளில்லை. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் இன்னொன்றைக் கவனித்தேன். எழுவாய்க்கும் வினைக்கும் பொருத்தமில்லாத வாக்கியம் வந்தால் கட்டம் போட்ட சட்டைக்காரன் சட்டென்று பிடித்துவிடுகிறான். தமிழ் வழியில் படித்தவன். அவன் வந்தான், அவர்கள் வந்தார்கள் என்று வினையைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் பிறவியிலேயே வந்தது. அவன் இடறுவது பெயருக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொற்களில். 'ஏ' வருமா, 'தி' வருமா, 'இன்' போடுவதா, 'ஆன்' போடுவதா. நாம் வேற்றுமை உருபைப் பெயரோடு ஒட்டிப் பேசிப் பழகியவர்கள். தனியாக முன்னால் வைப்பதற்கு விதி படித்துப் பயனில்லை, காதுக்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பெண் அவனை உரக்கப் படிக்க வைக்கிறாள். கூடத்துக்குள் சத்தம் கூடாது என்பதால் வராந்தாவுக்குப் போய் நின்று படிக்கிறான். வெட்கத்தோடு தொடங்கி, இரண்டாம் பத்தியில் குரல் நிமிர்ந்துவிடுகிறது.

பதினொரு மணிக்கு அதே வராந்தாவில் டீ. காகிதக் கோப்பையோடு ஜி.ஏ. கேள்வி-பதில். கண்ணாடிக்காரன் கேட்கிறான், மற்றவர்கள் சொல்கிறார்கள்.

"ரிசர்வ் வங்கி?"

"1935 ஏப்ரல் 1. நாட்டுடைமை 1949 ஜனவரி 1."

"பதினாலு வங்கி நாட்டுடைமை?"

"1969 ஜூலை 19. அடுத்த ஆறு, 1980 ஏப்ரல் 15."

"நபார்டு?"

"1982 ஜூலை 12."

"லட்சுமி விலாஸ் வங்கி யாரோட சேர்ந்துச்சு?"

"டி.பி.எஸ். 2020 நவம்பர் 27."

இடைவெளியே இல்லாமல் வந்து விழுகிற விடைகள். எனக்கு டீ இறங்கவில்லை. அந்த வங்கி இந்த ஊரில் பிறந்தது. 1926-ல் வி.எஸ்.என். ராமலிங்க செட்டியாரும் கரூர் வியாபாரிகள் ஆறு பேரும் சேர்ந்து தொடங்கியது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1916-ல், கரூர் வைஸ்யா வங்கி இங்கே பிறந்துவிட்டது. இரண்டு வங்கிகளைப் பெற்ற சிறிய ஊர் இது. 2020 நவம்பர் 17-ம் தேதி மாலை லட்சுமி விலாஸ் வங்கிக்குத் தடை வந்தது. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்து நாளில் இணைப்பு. வைப்புத்தொகைக்குச் சேதமில்லை, பங்கு மூலதனம் முழுவதும் துடைக்கப்பட்டது. இந்தப் பிள்ளைகள் அப்போது பள்ளியிலோ கல்லூரியிலோ, ஊரடங்கில் வீட்டில் இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்த கதை, இப்போது ஒரு பெயர், ஒரு தேதி.

கட்டம் போட்ட சட்டைக்காரன் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "எங்க தாத்தா அதுல ஷேர் வெச்சிருந்தாருங்க்கா. ஒண்ணுமில்லாமப் போச்சு. அந்தச் சர்ட்டிபிகேட்டு இன்னும் பீரோவுலதான் இருக்குது."

அந்தப் பெண் அவனையே பார்த்தாள். "அப்ப பணம் போட்டவங்களுக்கு ஏன் போகலை, ஷேர் வெச்சிருந்தவங்களுக்கு ஏன் போச்சு? சொல்லு பார்க்கலாம்."

அவன் யோசித்தான். பங்குதாரர் என்றால் சொந்தக்காரர், நட்டத்தில் முதல் அடி அவருக்கு. பணம் போட்டவர் கடன் கொடுத்தவர், அவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதைத் தட்டுத் தடுமாறித் தானே சொல்லி முடித்தான். வைப்புத்தொகைக் காப்பீடு ஐந்து லட்சம், 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தியது என்பதைக் கண்ணாடிக்காரன் சேர்த்தான். நான்கு விடைகள் ஒரே பீரோவிலிருந்து கிடைத்துவிட்டன. இனி இவற்றை அவர்கள் மறக்கப்போவதில்லை.

மதியம் இன்னொரு காட்சி. மத்திய அரசின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு 436. இரண்டுக்கும் தொகை இரண்டு லட்சம். எது எதற்கு என்பது அவர்களுக்கு எப்போதும் குழம்புகிறது. அந்தப் பெண் பையிலிருந்து ஒரு பாஸ்புக் எடுத்தாள். அம்மாவுடையது, என்ட்ரி போட்டுவரச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மூலை மடிந்து, மஞ்சள் கறை ஏறிய பாஸ்புக். மே மாதக் கடைசி வரிகளை விரலால் காட்டினாள். ஒரு வரியில் 20.00. அதற்குக் கீழே 436.00. மேலே இரண்டு வரி தள்ளி மகளிர் குழுக் கடன் தவணை. பையன்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தேர்வுக்காக மாதந்தோறும் அச்செடுத்து வாங்கும் நூறு பக்கச் சுருக்கத் தொகுப்பில் உள்ள வரிகளில் பாதி, வீட்டு அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கிறது. முத்ரா கடன், நகைக்கடன், பயிர்க்கடன், ஓய்வூதியத் திட்டம் எல்லாம் நம் தெருவில் நடப்பவை. அவற்றைத் தொகுப்பிலிருந்து மட்டும் படிப்பவனுக்கு அவை வெறும் எண். வங்கியில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்காரும் நாளில், இந்தப் பக்கம் நிற்கும் ஓர் அம்மா "இருபது ரூபா ஏன் புடிச்சாங்க?" என்று கேட்டால், எண் மட்டும் தெரிந்தவன் என்ன சொல்வான்?

அந்தத் தொகுப்பையே நம்பி இருக்கும் ஒருவர் ஓரத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார். முப்பதைத் தாண்டியவர். பி.ஓ. தேர்வுக்கு வயது உச்சவரம்பு 30. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டு கூடுதல். அந்தக் கூடுதலின் கடைசியில் அவர் நிற்கிறார் என்று பையன்கள் மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். ஸ்பைரல் போட்ட தொகுப்பில் மூன்று நிற ஹைலைட்டர். எல்லா வரியிலும் நிறம் ஏறியிருக்கிறது. மேலே பார்த்து, உதட்டை அசைத்து, மறுபடி கீழே பார்க்கிறார். இந்த ஆண்டு மெயின்ஸில் ஜி.ஏ.வுக்கு 35 கேள்வி, 25 நிமிடம், 50 மதிப்பெண். கணக்குக் கேள்வியை நேரம் கொடுத்துப் போட்டுவிடலாம். இதில் தெரிந்தால் பத்து நொடி, தெரியாவிட்டால் உட்கார்ந்திருந்து பயனில்லை. அந்த மனிதர் இத்தனை பாடுபடுவதன் நியாயம் எனக்குப் புரிகிறது. வழிதான் அவரை மிகவும் களைப்பாக்குகிறது.

அந்தப் பெண்ணிடம் இருப்பது ஒரே ஒரு நோட்டு. மற்றவர்கள் ஆங்கிலத்துக்கு ஒன்று, ஜி.ஏ.வுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நாளிதழுக்காகக் காத்திருக்கும் சாக்கில் அவளுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்த்தேன். நீளமான கணக்கு நோட்டு, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு. அன்றைய தலையங்கம் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்குப் போடும் 25 சதவீத வரியைப் பற்றியது. ஏழாம் தேதி அமலுக்கு வருகிறது. கோட்டுக்கு இடப்பக்கம் தலையங்கத்திலிருந்து ஒரு முழு வாக்கியத்தைக் கைப்பட எழுதியிருக்கிறாள், நான்கு வரி நீளம். அதில் எழுவாயின் கீழ் ஒரு கோடு, வினையின் கீழ் ஒரு கோடு, தெரியாத இரண்டு சொற்களைச் சுற்றி வட்டம். வலப்பக்கம் அதே செய்தியிலிருந்து எடுத்த விவரங்கள்: யார், எப்போது, எத்தனை சதவீதம், எந்தெந்தப் பொருள். கடைசியாகத் தமிழில் ஒரு வரி: "கரூர் — பெட்ஷீட், டவல், கிச்சன் துணி." அதற்குக் கீழே: "அப்பா கம்பெனி ஆர்டர்?"

அந்தக் கேள்விக்குறியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு விரிப்புத் துணிகள் ஏற்றுமதியில் வாழ்கிற ஊர் இது. தறி, சாயம், தையல், பேக்கிங் என்று ஏதோ ஒரு முனையில் எல்லா வீட்டுக்கும் அதில் கை இருக்கிறது. அவளுக்கு ஜி.ஏ.வும் ஆங்கிலமும் இரண்டு பாடமல்ல. அப்பாவுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதை அறிய அந்த நான்கு வரி வாக்கியத்தை அவள் பிரித்துப் படித்தே ஆக வேண்டியிருந்தது. அப்படிப் படித்தவளுக்கு எந்தப் பத்தி வந்தாலும் திரும்பிப் பார்க்கத் தேவை இருக்காது. ஆங்கிலத் தாளில் வரும் பத்திகள் பொருளாதாரம், வங்கி, பருவநிலை, வணிகம் என்று இதே நாளிதழ்ப் பக்கங்களைச் சுற்றித்தான் வருகின்றன. ஒரு தலையங்கத்தை முழுதாகப் படித்தால் இரண்டு தாளுக்கும் ஒருசேரப் படித்ததாகிறது. இதைச் சொல்லித் தருவதற்குக் கட்டணமும் தேவையில்லை, தொகுப்பும் தேவையில்லை. இத்தனை பிள்ளைகள் இரண்டு நோட்டோடு இரண்டு பயத்தைச் சுமக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

புதன்கிழமை ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு முடிவு. பத்து மணிக்கு ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா பேசுவதை வராந்தாவில் ஒரே செல்போனில் கேட்டார்கள். ஹெட்போனின் ஒரு முனை அந்தப் பெண்ணுக்கு, மறுமுனை கட்டம் போட்ட சட்டைக்காரனுக்கு. பிப்ரவரியில் கால், ஏப்ரலில் கால், ஜூனில் அரை என்று ஒரே ஆண்டில் ஒரு சதவீதம் குறைந்து, ரெப்போ வட்டி ஐந்தரையில் நின்றது. இன்னும் குறையும் என்று கண்ணாடிக்காரன் பந்தயம் கட்டியிருந்தான். குறையவில்லை.

"ச்சே. எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்க்கா."

"மாறலைன்னும் கேப்பாங்கடா. எழுது. அஞ்சரை. நியூட்ரல். விலைவாசி மூணு புள்ளி ஒண்ணு. வளர்ச்சி ஆறரை, அதுவும் மாறலை." பிறகு, "ஏன் மாத்தலை?" என்றாள்.

ஹெட்போனில் கேட்டதைக் கட்டம் போட்ட சட்டைக்காரன் சொன்னான். முன்பு குறைத்தது இன்னும் கடன்காரர்களிடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை, வரி விவகாரம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. தமிழில்தான் சொன்னான். ஆனால் கேட்டது முழுக்க ஆங்கிலம். தனக்கு அது புரிந்துவிட்டது என்பதை அவன் கவனித்தானோ இல்லையோ, அவள் கவனித்தாள். முகத்தில் தெரிந்தது.

அன்று இரவே வரிக் கணக்கு மாறிவிட்டது. இன்னொரு 25 சதவீதம். வியாழக்கிழமை காலை ஆங்கில நாளிதழின் முதல் பக்கத்தில் 50 என்ற எண். பெரியவர்கள் மேசையிலும் அதே பேச்சு. எந்த கன்டெய்னர் நிற்கிறது, யாருக்கு ஆர்டர் ரத்து என்று. அவள் வந்தாள். நோட்டைத் திறந்து 25-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 50 என்று எழுதி, அமலுக்கு வரும் தேதியையும் போட்டாள்: ஆகஸ்ட் 27. 'அப்பா கம்பெனி ஆர்டர்' என்ற வரியை அப்படியே விட்டாள். பிறகு நாளிதழை மேசையில் விரித்து, காற்றுக்கு அகராதியை ஏற்றினாள்.

"இன்னிக்கு ஆர்.சி. இதுதான். முழுசா ஒரு தடவை. அப்புறம் ஆளுக்கு அஞ்சு கேள்வி நீங்களே போடணும், வேற ஒருத்தர் பதில் எழுதணும்."

கண்ணாடிக்காரன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். ஓரத்து மேசைக்காரர் தொகுப்பை மூடிவிட்டு எழுந்து வந்து நின்றார்.

"ஏம்மா, அந்தப் பக்கத்தை நானும் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"போட்டோ எதுக்குங்கண்ணா, உக்காருங்க. இருபது நிமிஷம்தான்." நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, ஸ்டாப் வாட்சைத் தட்டினாள்.